கேபிளுக்குள் ஆற்றல் எப்படிப் போகிறது? ரேடியோ டிரான்ஸ்மிஷன் லைன் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொட்டைமாடியில் ஆன்டெனாவை ஏற்றி நிறுத்துவதற்குக் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட, அதிலிருந்து வீட்டுக்குள் இறங்கும் கேபிளுக்கு யாரும் காட்டுவதில்லை. பொழுதுபோக்காக ரேடியோவில் பேசிக்கொள்ளும் அமெச்சூர் வானொலிக்குப் புதிதாக வருகிறவர்களுடன் பல ஆண்டுகள் உட்கார்ந்து பேசியதில், அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கொஞ்சம் கணக்கு வரும். பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் தாண்டிப் போகாது. அதைத் தாண்டிக் குதித்துவிட வேண்டாம். இந்த விஷயத்தின் அழகே அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

சாதாரண ஒயருக்கும் டிரான்ஸ்மிஷன் லைனுக்கும் என்ன வேறுபாடு?

பொருளில் வேறுபாடு இல்லை. அதில் ஓடும் அலையின் நீளத்தோடு ஒப்பிட்டால் ஒயர் எவ்வளவு நீளம் என்பதே வேறுபாடு. வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் 6,000 கிலோமீட்டர். காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரிவரை ஒரே கம்பியை இழுத்தாலும் அரை அலைதான் அதில் அடங்கும். ஆகவே மீட்டர் பெட்டியிலிருந்து மின்விசிறிவரை போகும் ஒயரில், எந்த நொடியிலும் இரண்டு முனைகளிலும் ஒரே மின்னழுத்தம் இருப்பதாகக் கொள்ளலாம்.

சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸுக்கு வாருங்கள். அலைநீளம் சுமார் 416 மீட்டராகச் சுருங்கிவிட்டது. அமெச்சூர்கள் கையடக்கக் கருவியில் பேசும் 145 மெகாஹெர்ட்ஸில் அது இரண்டு மீட்டரை ஒட்டி நிற்கிறது. இப்போது மாடியிலிருந்து இறங்கும் 30 மீட்டர் கேபிளுக்குள் பல அலைகள் வரிசையாக நிற்கும். ஓரிடத்தில் மின்னழுத்தம் உச்சத்தில், சுமார் ஓரடி தள்ளி சுழி. ஒயரின் நீளம் அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்கை நெருங்கினாலே அதை டிரான்ஸ்மிஷன் லைனாகக் கருத வேண்டும் என்பது தொழிலில் உள்ளவர்கள் வைத்திருக்கும் அளவுகோல்.

கேபிள் உறையில் 50 ஓம் என்று அச்சிட்டிருக்கிறது. மல்டிமீட்டரை வைத்தால் எதுவுமே காட்டவில்லை. அந்த 50 ஓம் எங்கே இருக்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. இதற்கான விடை புரிந்துவிட்டால் மற்றவை எல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

ஒரு சோதனையைக் கற்பனை செய்யுங்கள். 100 மீட்டர் ஆர்.ஜி. 58 கேபிள் (நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றிப் பிளாஸ்டிக், அதன்மேல் செம்புப் பின்னல் கொண்ட மெல்லிய கேபிள் வகை). இந்தப் பக்கம் 10 வோல்ட் மின்கலம், அதோடு தொடராக ஒரு 50 ஓம் மின்தடை, ஒரு சுவிட்ச். கேபிளின் மறுமுனை எதனோடும் இணைக்கப்படாமல் திறந்து கிடக்கிறது. சுவிட்சைப் போட்டால் மின்னோட்டம் ஓடுமா?

பள்ளியில் படித்ததை நம்பினால் ஓடாது, சுற்று முழுமையாகவில்லையே. உண்மையில் ஓடும். மதகைத் திறந்தவுடன் வாய்க்காலில் பாயும் தண்ணீர், கடைமடையில் மடை அடைத்திருக்கிறதா திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டு ஓடுவதில்லை. கடைமடை வரை போய்ச் சேர்ந்த பிறகுதான் அதற்குச் சேதி தெரியும். கேபிளும் அப்படித்தான். இந்தக் கேபிளில் அலையின் வேகம் விநாடிக்கு 20 கோடி மீட்டர். மறுமுனையை எட்ட அரை மைக்ரோ விநாடி, அங்குள்ள செய்தி திரும்பி வர இன்னொரு அரை மைக்ரோ விநாடி. அந்த ஒரு மைக்ரோ விநாடிக்கு மின்கலத்தின் கண்ணில் படுவது கேபிள் மட்டுமே. அந்த நேரத்தில் கேபிள் துல்லியமாக 50 ஓம் மின்தடைபோல நடந்துகொள்கிறது: 10 வோல்ட்டில் பாதி, அதாவது 5 வோல்ட் கேபிளுக்குள் நுழைகிறது, 100 மில்லிஆம்பியர் ஓடுகிறது. உறையில் அச்சிட்ட 50 ஓம் இதுதான். ஆங்கிலத்திலிருந்து எடுத்து இதை இம்பீடன்ஸ் என்கிறோம். ஓடும் அலையில் மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள விகிதம்.

அலை மறுமுனையை அடைந்ததும் என்ன ஆகிறது? அங்கே மின்னோட்டம் போக இடமில்லை. 5 வோல்ட் அலை அப்படியே திரும்புகிறது; போகும் 5, திரும்பும் 5 சேர்ந்து 10 வோல்ட். திரும்பும் அலை மின்கலத்தை எட்டும்போது கேபிள் முழுவதும் 10 வோல்ட்டில் நிற்கும், மின்னோட்டம் நின்றுவிடும். மல்டிமீட்டர் காட்டுவது இந்தக் கடைசி நிலையை மட்டுமே. ஒரு மைக்ரோ விநாடியில் நடந்து முடிந்த நாடகம் அதற்குத் தெரியாது.

இப்போது ஆற்றல் கணக்கைப் பாருங்கள். அந்த ஒரு மைக்ரோ விநாடியில் 5 வோல்ட், 100 மில்லிஆம்பியர் என்ற வீதத்தில் கேபிளுக்குள் போனது அரை வாட், மொத்தம் 0.5 மைக்ரோ ஜூல். மறுபக்கம், 100 மீட்டர் கேபிளின் மின்தேக்குத்திறன் 10 நானோஃபாரட். அதில் 10 வோல்ட் இருந்தால் சேமித்த ஆற்றல் எவ்வளவு? அதே 0.5 மைக்ரோ ஜூல்.

மறுமுனையைத் திறந்து விடாமல் குறுக்கே இணைத்து ஷார்ட் செய்திருந்தால், அலை தலைகீழாகத் திரும்பும். மின்னழுத்தம் சுழியாகும், மின்னோட்டம் 200 மில்லிஆம்பியராகும். இந்த முறை ஆற்றல் காந்தப்புலத்தில். கேபிளின் மின்தூண்டல் 25 மைக்ரோ ஹென்றி. அதில் 200 மில்லிஆம்பியர் ஓடும்போது சேமிக்கப்படும் ஆற்றலைக் கணக்கிட்டால் மறுபடியும் 0.5 மைக்ரோ ஜூல். முதன்முதலில் இந்தக் கணக்கைத் தாளில் போட்டு முடித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுமுனையில் 50 ஓம் மின்தடையை வைத்தால் எதுவுமே திரும்பாது. இன்னும் கேபிள் நீண்டு போகிறது என்றே அலை எடுத்துக்கொள்ளும். வரும் ஆற்றல் முழுவதும் அந்தத் தடையில் வெப்பமாகும். ஆன்டெனாவும் 50 ஓமாக இருக்க வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் இதுவே.

அந்த 50 என்ற எண்ணை எது தீர்மானிக்கிறது? கேபிள் நீளமானால் கூடுமா?

கூடாது. ஒரு மீட்டரில் எவ்வளவு மின்தூண்டல், எவ்வளவு மின்தேக்குத்திறன் என்ற இரண்டு எண்கள்தாம் தீர்மானிக்கின்றன. ஆர்.ஜி. 58இல் மீட்டருக்குச் சுமார் 250 நானோ ஹென்றி, 100 பிகோஃபாரட். முதலாவதை இரண்டாவதால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 50. அதே இரண்டு எண்களைப் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, ஒன்றை அதனால் வகுத்தால் அலையின் வேகம்: விநாடிக்கு 20 கோடி மீட்டர். இந்த எண்களோ உள்கம்பியின் தடிமன், வெளிப்பின்னலின் விட்டம், நடுவிலுள்ள பிளாஸ்டிக் ஆகியவற்றால் அமைபவை. கேபிளைக் காலால் நசுக்கினாலோ, கூர்மையாக மடித்தாலோ அந்த இடத்தில் இடைவெளி மாறும், இம்பீடன்ஸும் மாறும், அலையில் ஒரு பகுதி அங்கிருந்தே திரும்பும்.

ஆற்றல் உண்மையில் எதன் வழியாகப் போகிறது? எலக்ட்ரான்கள்தானே அதைச் சுமந்து செல்கின்றன?

இல்லை. இதை அழுத்தியே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் தவறான படம் மனதில் பதிந்துவிட்டால் பிறகு எல்லாமே கோணலாகும்.

ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுப் பரப்புள்ள செம்புக் கம்பியில் ஒரு ஆம்பியர் நேர்மின்னோட்டம் ஓடும்போது எலக்ட்ரான்கள் நகரும் சராசரி வேகம் விநாடிக்கு 0.07 மில்லிமீட்டர். ஒரு மணி நேரத்தில் ஒரு முழம்கூடப் போகாது. ரேடியோ அதிர்வெண்ணில் அந்த நகர்வும் கிடையாது. இருந்த இடத்திலேயே முன்னும் பின்னும் மிக நுண்ணிய தொலைவு அசைகின்றன, அவ்வளவே. காற்று வீசும்போது நெல்வயலைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வரப்பிலிருந்து மறு வரப்புக்கு அலை ஓடுகிறது. நாற்று எதுவும் இடம் பெயர்வதில்லை.

அலை ஓடும் இடம் எது? உள்கம்பிக்கும் வெளிப்பின்னலுக்கும் நடுவே உள்ள பிளாஸ்டிக். உள்கம்பியிலிருந்து பின்னலை நோக்கி ஆரக்கால்களைப்போல மின்புலம் நீள்கிறது. உள்கம்பியைச் சுற்றி வளையம் வளையமாகக் காந்தப்புலம் அமைகிறது. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்து. இரண்டுக்கும் செங்குத்தான திசை கேபிளின் நீளவாக்கு. ஆற்றல் அந்தத் திசையில் பாய்கிறது என்பதை இங்கிலாந்தின் ஜான் ஹென்றி பாயிண்டிங் 1884இல் காட்டினார். இரண்டு புலங்களையும் பெருக்கி, கேபிளின் குறுக்குவெட்டு முழுவதற்கும் கூட்டினால், மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கியபோது கிடைத்த அதே வாட் கணக்கு வரும்.

செம்புக்கு வேலை இல்லை என்று பொருளல்ல. புலங்களுக்குக் கரை கட்டுவது செம்புதான். கரை இல்லாவிட்டால் அலை நாலாபக்கமும் சிதறிப்போகும். ஆனால் செம்பின் உள்ளே புகும் ஆற்றல் மறுமுனைக்குப் போவதில்லை. அங்கேயே வெப்பமாகி வீணாகிறது. கேபிள் வாங்கும்போது நடுவில் உள்ள வெள்ளைப் பிளாஸ்டிக்கைக் கவனியுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். உங்கள் சமிக்ஞை பயணம் செய்யும் பாதை அது.

இதையெல்லாம் யார் கண்டுபிடித்தது?

கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பியிலிருந்து கதை தொடங்குகிறது. 1858 ஆகஸ்டில் அட்லாண்டிக் பெருங்கடலுக்குக் குறுக்கே முதல் கேபிள் இணைந்தது. விக்டோரியா மகாராணி அமெரிக்கக் குடியரசுத் தலைவர் புக்கானனுக்கு அனுப்பிய வாழ்த்து 98 சொற்கள். அதை அனுப்பி முடிக்கச் சுமார் 16 மணி நேரம் பிடித்தது. ஒவ்வொரு துடிப்பும் வழியில் பரவி, கரைந்து, அடுத்ததோடு கலந்துவிட்டது. கேபிளைக் கவனித்துவந்த வைல்ட்மன் வைட்ஹவுஸ், அழுத்தத்தைக் கூட்டினால் சரியாகும் என்று கருதி ஏறத்தாழ 2,000 வோல்ட் கொடுத்துப் பார்த்தார். ஏற்கெனவே பலவீனமாக இருந்த அந்தக் கேபிள் சில வாரங்களில் செயலிழந்தது. நிலையாக வேலை செய்த அட்லாண்டிக் கேபிள் 1866இல்தான் அமைந்தது.

பின்னாளில் கெல்வின் பிரபு என்று அறியப்பட்ட வில்லியம் தாம்சன், துடிப்பு கரைவதன் காரணத்தை 1854, 55லேயே கணக்கிட்டிருந்தார். அவருடைய கணக்கில் கேபிளின் மின்தடையும் மின்தேக்குத்திறனும் இருந்தன, மின்தூண்டல் இல்லை. அதனால் இரும்புக் கம்பியில் சூடு பரவுவதுபோல மின்னழுத்தம் பரவுவதாக விடை வந்தது. மெதுவான கடலடித் தந்திக்கு அது போதுமானது.

மின்தூண்டலை உள்ளே கொண்டுவந்து, இது சூடு பரவுவது அல்ல, அலை ஓடுவது என்று நிறுவியவர் ஆலிவர் ஹெவிசைட். பதினாறு வயதோடு பள்ளிப் படிப்பை நிறுத்தியவர், தந்தி ஊழியராக வேலை பார்த்தவர், உயர்கணிதத்தைத் தானாகவே படித்தவர். ஒரு கம்பிக்குள் இன்னொன்றை வைக்கும் கேபிள் அமைப்புக்கு 1880இலேயே காப்புரிமை பெற்றார். 1887இல் இன்னும் பெரிய உண்மையைச் சொன்னார்: தொலைபேசிக் கம்பியில் மின்தூண்டலை வேண்டுமென்றே கூட்டினால் குரல் சிதையாமல் போகும். மின்தூண்டல் கெடுதல் செய்யும் என்று அன்றைய பிரிட்டிஷ் தந்தித் துறையின் மூத்த பொறியாளர்கள் உறுதியாக நம்பிய காலம் அது. அவர் சொன்னது ஏற்கப்படவில்லை. 1900ஐ ஒட்டி அமெரிக்காவில் மைக்கேல் புபினும் ஜார்ஜ் கேம்பலும் அதே கருத்தைச் சுருள்களாக வடித்துத் தொலைபேசித் தடங்களில் பொருத்தியபோது, பேச்சு முன்பைவிட வெகுதூரம் தெளிவாகப் போனது. இன்று ஒவ்வொரு பொறியியல் மாணவரும் படிக்கும் டிரான்ஸ்மிஷன் லைன் சமன்பாடுகள் ஹெவிசைடுடையவை. அவர் பெயரைச் சொல்லாமல் அவற்றை நடத்தும் வகுப்புகளைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஏன் 50? ஏன் டிவி கேபிள் மட்டும் 75?

காற்றை இடையில் கொண்ட கேபிளில் இழப்பு மிகக் குறைவாக இருப்பது 77 ஓமை ஒட்டி. அதிக வாட் தாங்குவது 30 ஓமை ஒட்டி. இரண்டுக்கும் இடைப்பட்ட வசதியான எண்ணாக 50 நிலைபெற்றது. திடமான பாலிஎத்திலீனை நிரப்பினால் இழப்பு குறையும் இடமே 51 ஓமுக்கு வந்துவிடுகிறது என்பது கூடுதல் வசதி. டிவியில் வாட் கணக்கு கிடையாது, வலுவற்ற சமிக்ஞையைச் சேதமில்லாமல் இறக்கினால் போதும். 75 அதற்குப் பொருத்தம். நடுவில் பிரிந்து இரண்டு கைகளாக நீளும் அரை அலை டைபோல் ஆன்டெனாவின் இம்பீடன்ஸும் 73 ஓம்.

50 ஓம் கருவிக்கு 75 ஓம் டிவி கேபிளைப் பயன்படுத்தலாமா?

தாராளமாக, இரண்டு விஷயங்களைப் பார்த்துக்கொண்டு. 50க்கும் 75க்கும் இடையே திரும்பும் அலையின் அளவு, வித்தியாசமான 25ஐக் கூட்டுத்தொகையான 125ஆல் வகுத்தது: 0.2. ஆற்றலில் அது 4 விழுக்காடு. 96 விழுக்காடு தாண்டிப் போய்விடுகிறது. வீட்டுக்கு வரும் ஆர்.ஜி. 6 கேபிளின் இழப்பு 145 மெகாஹெர்ட்ஸில் மெலிந்த ஆர்.ஜி. 58ஐவிட மிகவும் குறைவு, ஆகவே மொத்தத்தில் லாபம்தான். ஆனால் அதன் உள்கம்பி பெரும்பாலும் செம்பு பூசிய இரும்பு. சில மெகாஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த அதிர்வெண்களில் மின்னோட்டம் இரும்புக்குள்ளும் இறங்கி இழப்பு கூடும். பின்னலும் அலுமினியமாக இருந்தால் ஈயப்பற்று ஒட்டாது. அழுத்திப் பொருத்தும் கனெக்டர்தான் வேண்டும்.

வேகக் காரணி என்கிறார்களே, அது எதற்கு?

கேபிளுக்குள் அலை வெட்டவெளியில் போவதைவிட மெதுவாகப் போகும். திடமான பாலிஎத்திலீனில் 0.66 மடங்கு, நுரைப் பிளாஸ்டிக்கில் 0.8ஐ ஒட்டி. கேபிளைக் குறிப்பிட்ட அலைநீளத்துக்கு வெட்டும்போது மட்டும் இது முக்கியம். 145 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை வெட்டவெளியில் 51.7 சென்டிமீட்டர், ஆர்.ஜி. 58இல் 34 சென்டிமீட்டர்.

அந்தக் கால் அலைத் துண்டு ஓர் அபூர்வமான பொருள். அதன் ஒரு முனையை ஷார்ட் செய்தால், மறுமுனை திறந்து கிடப்பதுபோலத் தெரியும். போன அலை தலைகீழாகித் திரும்புவதற்குள் அரை சுற்று கழிந்துவிடுவதால், திரும்பி வரும்போது புதிதாக வரும் அலையோடு மின்னழுத்தத்தில் ஒத்துப்போகிறது. கனமான செம்பையே குறுக்கே போட்டு இணைத்திருக்கிறோம், அந்த ஒரு அதிர்வெண்ணுக்கு மட்டும் அது இல்லாததுபோல் இருக்கிறது! மின்னல் தாக்கினால் வரும் தாழ்ந்த அதிர்வெண் மின்னோட்டத்துக்கு அது வெறும் ஷார்ட், தரைக்கு இறக்கிவிடும். மின்னல் காப்பாகவே இதைப் பயன்படுத்துகிறார்கள்.

எஸ்.டபிள்யூ.ஆர். என்றால் என்ன?

போகும் அலையும் திரும்பும் அலையும் கலந்தால் கேபிளில் சில இடங்களில் மின்னழுத்தம் கூடியும் சில இடங்களில் குறைந்தும் நிலையாக நிற்கும். உச்சத்தைப் பள்ளத்தால் வகுத்த விகிதம் அது. எதுவும் திரும்பாவிட்டால் 1. மேலே சொன்ன 50, 75 கதையில் 1.5. எல்லாமே திரும்பினால் முடிவிலி.

திரும்பி வரும் அலை கருவியை எரித்துவிடும் என்கிறார்களே?

பாதி உண்மை. திரும்பி வரும் வாட் எல்லாம் டிரான்சிஸ்டருக்குள் புகுந்து சூடாகிறது என்பது தவறான படம். உண்மையில் நடப்பது வேறு: திரும்பும் அலை வந்து சேர்ந்ததால் கருவி 50 ஓமைப் பார்ப்பதற்குப் பதில் வேறு ஏதோ ஓர் எண்ணைப் பார்க்கிறது. 50க்காக வடிவமைத்த டிரான்சிஸ்டர் அங்கே அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தையோ மின்னோட்டத்தையோ சந்திக்க நேரும். அதனால் இன்றைய கருவிகள் எஸ்.டபிள்யூ.ஆர். இரண்டு, மூன்றைத் தாண்டும்போது தாமாகவே வாட்டைக் குறைத்துக்கொள்கின்றன.

நடுவில் ஒரு டியூனர் (கருவிக்கும் கேபிளுக்கும் இம்பீடன்ஸைப் பொருத்தித் தரும் பெட்டி) இருந்தால், திரும்பிய அலையை அது மறுபடி ஆன்டெனாவை நோக்கித் திருப்பிவிடும். இழப்பே இல்லாத கேபிளாக இருந்தால், எத்தனை முறை போய்வந்தாலும் ஆற்றல் முழுவதும் கடைசியில் ஆன்டெனாவைத்தான் சேரும். வேறு எங்கே போகும்? நிஜக் கேபிளில் ஒவ்வொரு பயணத்திலும் கொஞ்சம் கழியும். ஆகவே கெட்ட எஸ்.டபிள்யூ.ஆரும் கெட்ட கேபிளும் சேர்ந்தால்தான் பெரும் நஷ்டம்.

என் மீட்டரில் 1.3தான். அப்படியானால் எல்லாம் சரியா?

இதற்கு என் வீட்டு மாடியில் நடந்ததையே சொல்கிறேன். ஒரு ஐப்பசியில் 30 மீட்டர் ஆர்.ஜி. 58ஐ இழுத்து 145 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவை இணைத்தேன். மீட்டர் 1.5 காட்டியது. மழை பிடித்துக்கொண்டது. கார்த்திகை முடிவில் 1.3. மார்கழியில் 1.1. ஆன்டெனா தானாகச் சீராகிவருகிறது என்று மகிழ்ந்தேன். அதே காலத்தில் வழக்கமாகப் பேசும் நண்பர்கள் ஒவ்வொருவராக, உங்கள் குரல் இரைச்சலில் மூழ்குகிறது என்றார்கள். பொங்கல் விடுமுறையில் கேபிளை அறுத்துப் பார்த்தேன். மேல் கனெக்டர் வழியாகப் புகுந்த தண்ணீர் பல மீட்டர் கீழே இறங்கி, செம்புப் பின்னல் கறுத்துப் பச்சை பூத்திருந்தது.

போகும் வழியிலேயே பெரும்பகுதி கரைந்துவிட்டது. ஆன்டெனாவிலிருந்து திரும்பியதும் வரும் வழியில் கரைந்தது. திரும்பி வருவது குறைவாக இருந்ததால் மீட்டர் மகிழ்ச்சியாக 1.1 காட்டியது. நல்ல நிலையில் உள்ள 30 மீட்டர் ஆர்.ஜி. 58ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். 145 மெகாஹெர்ட்ஸில் அதன் இழப்பு சுமார் 6 டெசிபெல். கால் பங்குதான் மேலே போய்ச் சேரும். ஆன்டெனாவையே கழற்றிவிட்டாலும், திரும்பும் கால் பங்கில் மறுபடி கால் பங்கு மட்டுமே கீழே வந்து சேர்வதால், மீட்டர் ஏறத்தாழ 1.7 காட்டும். ஆன்டெனா இல்லாமலேயே 1.7! அதனால் சொல்கிறேன், எஸ்.டபிள்யூ.ஆரை ஆன்டெனாவின் அடியில் வைத்து அளந்து பாருங்கள். அதைவிடவும், மேல்முனையில் ஆன்டெனாவுக்குப் பதில் ஒரு 50 ஓம் டம்மி லோடு (ஆற்றலை வெப்பமாக்கும் மின்தடை) பொருத்தி, கீழே அனுப்பும் வாட் எவ்வளவு, மேலே வந்து சேரும் வாட் எவ்வளவு என்று ஒரு முறையாவது அளந்து எழுதி வையுங்கள்.

கனெக்டரைச் சாதாரண இன்சுலேஷன் டேப்பால் மட்டும் சுற்றியது என் தவறு. தானே ஒட்டி ஒன்றாகிவிடும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன்மேல் வெயில் தாங்கும் டேப் போட வேண்டும். வீட்டுச் சுவருக்குள் நுழையுமுன் கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டு ஏற்றினால் தண்ணீர் அங்கே சொட்டிவிடும்.

அதிர்வெண் கூடக்கூட ஏன் இழப்பும் கூடுகிறது?

மின்னோட்டம் செம்பின் மேல்தோலை ஒட்டியே ஓடுகிறது. 50 ஹெர்ட்ஸில் அந்தத் தோல் 9 மில்லிமீட்டருக்கு மேல், அதாவது கம்பி முழுவதும். ஒரு மெகாஹெர்ட்ஸில் 0.066 மில்லிமீட்டர். 145 மெகாஹெர்ட்ஸில் அதுவும் சுருங்கி 0.0055 மில்லிமீட்டர், தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பாதை குறுகினால் மின்தடை கூடும். அதோடு பிளாஸ்டிக்கும் தன் பங்குக்கு ஆற்றலைச் சூடாக்கும்.

50 வாட்டை 30 மீட்டர் ஆர்.ஜி. 58இல் அனுப்பினால், 7 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 38 வாட் மேலே போகும். 145இல் 12 வாட்தான். தடிமனான ஆர்.ஜி. 213ஆக இருந்தால் 145இலும் 28 வாட் போகும். பெரிய ஆன்டெனா வாங்கச் சேர்த்த பணத்தில் முதலில் கேபிளை மாற்றுங்கள் என்று எல்லாரிடமும் மன்றாடுகிறேன்.

பழைய டிவி ஆன்டெனாவில் தட்டையாக ஒரு ஒயர் வருமே, அதுவும் இதுதானா?

அதுவேதான், 300 ஓம். இரண்டு கம்பிகளும் பக்கத்தில் பக்கத்தில், நடுவில் மெல்லிய பிளாஸ்டிக். ஆன்டெனாவில் இருந்த மடித்த டைபோலின் இம்பீடன்ஸும் ஏறத்தாழ 300 என்பதால் நேராகப் பொருந்தியது. 1982இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாகினியைத் தென் தமிழகக் கடலோர ஊர்களில் உயரமான கம்பம் நட்டுப் பார்த்தவர்களுக்கு இந்த ஒயர் நன்றாக நினைவிருக்கும். காய்ந்திருக்கும்போது இழப்பு வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு, ஏனென்றால் புலத்தின் பெரும்பகுதி காற்றில் இருக்கிறது. அதுவே அதன் பலவீனமும்: புலம் வெளியே இருப்பதால் மழைத்துளியும், உப்புக் காற்றின் படிவும், அருகே போகும் இரும்புக் கம்பமும் அதைத் தொட்டுவிடும். மழை வந்தால் படம் மங்கியதற்கு மேகத்தைவிட ஒயரின்மேல் வழிந்த தண்ணீரே பல வீடுகளில் காரணம்.

இன்றும் தாழ்ந்த அதிர்வெண்களில் பல அலைவரிசைகளுக்கு ஒரே டைபோலைப் பயன்படுத்துகிறவர்கள், ஏணிபோல் இருக்கும் 450 ஓம் ஒயரைத்தான் விரும்புகிறார்கள். எஸ்.டபிள்யூ.ஆர். எகிறினாலும் அதில் இழப்பு சொற்பம்.

பேசும்போது மைக்கைத் தொட்டால் உதட்டில் சுரீர் என்கிறது. ஏன்?

மின்னோட்டம் மேல்தோலில்தான் ஓடும் என்றேன் அல்லவா? அதனால் பின்னலின் உட்புறமும் வெளிப்புறமும் தனித்தனிக் கம்பிகள்போல் நடந்துகொள்ளும். உட்புறத்தில் ஓடுவது அலையைச் சேர்ந்தது. டைபோலின் நடுவில் கேபிளை நேரடியாக இணைத்தால், பின்னலின் உள்ளிருந்து வந்த மின்னோட்டத்தில் ஒரு பகுதி டைபோலின் கைக்குப் போகாமல் பின்னலின் வெளிப்புறத்தில் திரும்பிக் கீழே இறங்கும். உங்கள் கருவியின் பெட்டிவரை வரும். கேபிளை ஆன்டெனாவின் அடியில் சில ஃபெரைட் வளையங்களுக்குள் பலமுறை சுற்றிக் கோத்துவிடுங்கள். வெளிப்புற மின்னோட்டத்தை அது தடுக்கும். உள்ளே ஓடும் அலைக்கு அந்த வளையம் இருப்பதே தெரியாது.

நடுக்கம்பியே இல்லாத குழாய்களையும் பார்த்திருக்கிறேன். அது எப்படி?

அவை அலைவழிப்படுத்திகள். 22.86 மில்லிமீட்டர் அகலமும் 10.16 மில்லிமீட்டர் உயரமும் உள்ள குழாய் ரேடார்களில் மிகச் சாதாரணம். அகலத்தைப்போல் இரண்டு மடங்கைவிட நீளமான அலை அதற்குள் நுழையாது, ஆகவே 6.56 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே அது மூடிய கதவு. கொள்கையை 1897இல் ராலே பிரபு வகுத்தார். அதே பத்தாண்டில் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் மில்லிமீட்டர் அலைகளைக் குழாய்களிலும் கூம்புகளிலும் செலுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆற்றலைக் கொண்டுபோவது கம்பிக்குள் ஓடும் மின்னோட்டம் அல்ல, புலம்தான் என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று எதைக் காட்டுவேன்?

சுவருக்குள் போன கேபிளில் எங்கோ அறுந்திருக்கிறது. உடைக்காமல் இடத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், முதலில் சொன்ன சோதனையைக் கொண்டே. மிகக் குறுகிய துடிப்பு ஒன்றை அனுப்பி, திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஆசிலோஸ்கோப்பில் பாருங்கள். திரும்பும் துடிப்பு அதே முகத்தோடு வந்தால் அங்கே அறுந்திருக்கிறது. தலைகீழாக வந்தால் உள்கம்பியும் பின்னலும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 400 நானோ விநாடியில் திரும்பினால், போக 200, வர 200. திட பாலிஎத்திலீன் கேபிளில் அது 40 மீட்டர். இப்போது கைக்கு அடக்கமான விலையில் கிடைக்கும் சிறிய நெட்வொர்க் அனலைசர்களும் இதே கணக்கைத் தாமாகப் போட்டு மீட்டரில் காட்டுகின்றன. வேகக் காரணியைச் சரியாகக் கொடுக்க மறக்க வேண்டாம். அந்த நீளத்தை அளந்துகொண்டு போய்ப் பாருங்கள். நான் பார்த்தவரை, மாடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் கேபிள் கூர்மையாக மடங்கி இறங்கும் இடத்தில்தான் பெரும்பாலும் போய் நிற்பீர்கள்.